மகராசி போட்ட குட்டிகளின் கனம்

நாய் மகராசி போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்றைத் தூக்கப்போய் முதன்முதலாகத் தோற்றவர் தவமணிதான் என்பதில் மின்வாரியக் காலனியில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அது என்ன கிழமை, அப்போது தூறல் விழுந்ததா இல்லையா, அவர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தாரா அவிழ்த்து விட்டிருந்தாரா என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. திண்டுக்கல்லில் அந்தக் காலனிக்கும் அதைச் சுற்றி முளைத்த அடுக்குமாடிகளுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர் தவமணி. தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நிறைகேன் இரண்டை எடுத்துக்கொண்டு, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறிப்போய், மூச்சு வாங்காமல் "அக்கா, காலி கேன்" என்று குரல் கொடுக்கிற மனுஷன். அப்பேர்ப்பட்டவர், கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகாத, இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடுகிற ஒரு குட்டியை, அடியில் கிடந்த ஈரச்சாக்கை மாற்றுவதற்காக ஓரமாய் எடுத்து வைக்கப் பார்த்தார். குட்டி வரவில்லை.

ஒரு கையால் பார்த்தார், இரண்டு கையால் பார்த்தார், குத்தவைத்து உட்கார்ந்து அடியில் கைகொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். குட்டி ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கப்போனது.

"கொடி, இது நகர மாட்டேங்குது."

"நகராம என்ன வேர் விட்டுருச்சா? தூக்குங்க," என்றாள் ஜெயக்கொடி அடுக்களையிலிருந்து. வேலைக்குச் சோம்பிக்கொண்டு புருஷன் சாக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் கதிரேசன். மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், காலனி நலச் சங்கத் தலைவர், கல்யாணமோ காதுகுத்தோ முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். வெள்ளைச் சட்டை, விபூதி, எல்லாரிடமும் சிரித்த முகம். "என்ன தவமணி, குட்டியோட மல்லுக்கட்டுறே?" என்றபடியே உள்ளே வந்தவர், குனிந்து, இரண்டு விரலால் அந்தக் குட்டியைப் பிடித்து, கோயிலில் கொடுத்த பூவை எடுப்பதுபோல எடுத்து, தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பஞ்சு மாதிரில்ல இருக்கு!" என்றார்.

ஜெயக்கொடி கரண்டியோடு வந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தன் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மகராசி அந்த வீட்டுக்கு வந்தது பெரிய கதையில்லை. ஜெயக்கொடி சமையல் வேலை பார்த்த பங்களாக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போகும்போது, கட்டில் பீரோ எல்லாம் லாரியில் ஏறியபிறகு, "கிரேட் டேன்னு பேரு, கன்னுக்குட்டி உசரம் வளரும், நீயே வெச்சுக்க" என்று ஒரு பெட்டைக்குட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டிக்கொடுத்துப் போன மகளின் அறை அதற்கு என்றானது. வளர்ந்தபின் அது நின்றால் தாடையை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு குழம்பு கொதிப்பதை வேடிக்கை பார்க்கும்; அறைக்குள் ஒரு சுற்றுத் திரும்பவேண்டுமானால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வெளியே போய் நின்றால்தான் ஆகும். தரையில் வழுக்கினால் மூட்டு போய்விடும் என்று டாக்டர் சொன்னதற்காக ஜெயக்கொடி வீடு முழுக்கச் சாக்கு விரித்தாள், தின்றதும் ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று சொன்னதற்காகச் சோறு வைத்தபின் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தாள், இரண்டு வயது முடியட்டும் என்று பொறுத்து, இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுத்து, இதயத்தைச் சோதித்து, ஆண் நாயின் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஜோடி சேர்த்தாள். "பெத்த மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ இம்புட்டு விசாரிக்கல," என்று எதிர்வீட்டுச் சூசையம்மாள் தெரு பூராவும் சொல்லிச் சிரித்தாள்.

குட்டியைக் கொடுக்கிறதிலும், மகராசியின் முதல் ஈற்றிலிருந்தே, அவளுக்கு ஒரு முறை உண்டு. வாங்க வருகிறவன் வீட்டை நேரில் போய்ப் பார்க்காமல் கொடுக்கமாட்டாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா, மாடிப்படி எத்தனை, வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் வாசலில் நின்று, "சரி, வயித்தால போச்சுன்னா யாரு அள்ளுவா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் புருஷன் பெண்டாட்டி முகத்தையும் பெண்டாட்டி புருஷன் முகத்தையும் பார்த்தால் முடிந்தது, மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். இன்னாருக்குக் கொடுக்கலாம், இன்னாருக்கு வேண்டாம் என்று குட்டிகள் பிறக்கும் முன்பே யோசித்து வைத்திருந்தாள். அதெல்லாம் கதிரேசன் இரண்டு விரலால் தூக்கியதோடு போயிற்று.

அவர் போனபிறகு, தவமணியும் மோட்டார் வைத்த கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினபிறகு, ஜெயக்கொடி கதவைச் சாத்திவிட்டு வந்து அந்தக் குட்டிக்கு அடியில் கைகொடுத்தாள். வரவில்லை. அடுத்ததற்குக் கொடுத்தாள். அதுவும் வரவில்லை. ஐந்தும் வரவில்லை. அம்மிக்கல்லையாவது ஆட்டிப் பெயர்த்துவிடலாம், இது அசையவே இல்லை. தன் வீட்டில், தன் கையால் தொப்புள்கொடி அறுத்துத் துடைத்துப் போட்ட குட்டி, தனக்கே வரமாட்டேன் என்கிறது! மகராசியின் வயிற்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். தான் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று யோசித்தாள். யோசித்தால் கிடைக்காமலா போகும், எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். பிறகு எழுந்து முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, கதவைத் திறந்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

குட்டிகள் ஏன் கனத்தன என்று காலனியில் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்குக் கனத்தன என்றுதான் கேட்டார்கள். கால்நடை டாக்டர் மெஹருன்னிசா வந்து, தரையோடு தரையாகத் தராசுப் பலகையை வைத்துக் குட்டிகளை அதன்மேல் நடக்கவிட்டு, "வயசுக்கு ஏத்த எடைதான், எல்லாம் நல்லா இருக்கு" என்றார்; அதைப்பற்றி யாருக்கு அக்கறை, டாக்டரம்மா ஒரு குட்டியையும் கையில் எடுக்காமல் தானும் தரையில் உட்கார்ந்தே ஊசி போட்டதைத்தான் ஜன்னலில் நின்றவர்கள் கவனித்தார்கள், முதுகுவலி என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"நெஞ்சுல அழுக்கு இருக்கிறவங்களுக்குத்தான் கனக்குது," என்று தீர்ப்புச் சொன்னது சூசையம்மாள். அவ்வளவு சொக்கத்தங்கமான கதிரேசனுக்குப் பஞ்சாக இருந்தது என்றால் வேறு என்ன அர்த்தம்? அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து ஜெயக்கொடியின் வீடு கோர்ட்டுக் கச்சேரி ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் காபி கொடுத்த கையோடு கூட்டிவந்து தூக்கச் சொன்னார்கள். பையன் கறுத்துப்போய்த் திணறினான், சம்பந்தம் அங்கேயே முறிந்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ண வந்தவரைத் தூக்கச் சொன்னார்கள். அவர் இடது கையால் தூக்கி வலது கைக்கு மாற்றிக் காட்டினார், நன்கொடை குவிந்தது. தயிர்க்காரி தூக்கினாள், வரவில்லை, மறுநாளிலிருந்து அவள் தயிரில் தண்ணீர் கலக்கிறாள் என்பது எல்லாருக்கும் நாக்கிலேயே தெரிந்தது. வந்து தூக்காதவர்களை ஏன் வரவில்லை என்று சந்தேகப்பட்டார்கள், வந்து சுலபமாகத் தூக்கினவர்களை எப்படித் தூக்கினான் என்று சந்தேகப்பட்டார்கள், ஒருமுறை தூக்கினவர்களை இன்னொரு முறை தூக்கச் சொன்னார்கள். சூசையம்மாள் தானும் ஒருநாள் வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, நிமிர்ந்து, "எனக்கென்னப்பா, பூ மாதிரி இருந்துச்சு," என்று சிரித்தாள். அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றதையும், குட்டி கிடந்த இடத்திலேயே கிடந்ததையும் ஜெயக்கொடி பார்த்தாள். பார்த்தவள் என்ன சொல்ல முடியும்? மடியில் கனம் வைத்துக்கொண்டு அவளும்தானே உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம், உட்கார்ந்தேதான் இருந்தாள். பால் புகட்டுவது, துடைப்பது, பேன் பார்ப்பது எல்லாம் தரையில் உட்கார்ந்தபடியே. சாக்கோடு சேர்த்துக் குட்டியை இழுப்பாள், ஆள் பார்க்காத நேரமாய். "கொடி, நீ ஒருதரம் தூக்கிக் காட்டு, பாப்போம்" என்று யாராவது சொன்னால் போதும், "இருங்க, பால் பொங்குது" என்று அடுக்களைக்கு ஓடிவிடுவாள்.

தன் விஷயத்தில் பயந்தவள், புருஷன் விஷயத்தில் பயப்படவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தனக்கு ஏன் கனக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் தெரியும், மாமியார் படுக்கையில் கிடந்தபோது கூப்பிட்ட குரலுக்குக் காது கேளாதவளாய் இருந்ததுண்டு. இந்த மனுஷனுக்கு ஏன் கனக்கவேண்டும்? குளிக்கப்போன நேரத்தில் சட்டையை மோந்து பார்த்தாள். போனில் யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள், எல்லாம் "ரெண்டு கேன் போடுங்க" கூட்டம்தான். இருந்தும் மனசு ஆறவில்லை. அடுக்குமாடிக்குப் போகிறவர் இறங்கி வர ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று ஒருநாள் பின்னாலேயே ஏறிப்போனாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழங்காலை நீவிக்கொண்டிருந்தார் தவமணி. மேலே போய்க் கதவைத் தட்டும்போது மட்டும் மூச்சு வாங்காத மனுஷராகிவிடுவார் போலிருக்கிறது. ஜெயக்கொடி சத்தமில்லாமல் ஒரு படி பின்வாங்கினாள். ஆனாலும் வந்த வேகத்துக்கு, ஏன் குறிப்பாக இந்த மாடிப் படியில் உட்கார்ந்தார், இங்கே எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"ஒங்களுக்கு மட்டும் ஏங்க வரல?" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்டாள்.

"தெரியலையே கொடி."

"தெரியாம இருக்குமா? ஏதோ இருக்கு. சொல்லிட்டா நானாவது நிம்மதியா இருப்பேன்."

"இருந்தாச் சொல்லமாட்டேனா," என்று அவர் சோற்றைப் பிசைந்தார். அவ்வளவுதான் பதில். அவர் வாதாடாமல் இருந்ததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

தெரு அவளைவிட ஒரு படி மேலே போனது. "அந்தக் கையால எடுத்த தண்ணியவா குடிக்கிறது?" என்று ஒரு வீட்டில் நிறுத்தினார்கள், பிறகு ஒரு வரிசையே நிறுத்தியது. நிறைகேன்களோடு போன வண்டி நிறைகேன்களோடு திரும்பி வந்தது. தவமணி யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு அந்தப் பக்கம், அவரைத் தெரியாத தெருக்களாகத் தேடிப் போனார்.

இரண்டு மாதம் நிறைந்து குட்டிகளைக் கொடுக்கும் வேளை வந்தது. ஜெயக்கொடி இந்த முறை யார் வீட்டுக்கும் போகவில்லை. எதற்குப் போகவேண்டும், குட்டியே சொல்லிவிடுகிறதே! லேசாகத் தூக்கினவன் எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் கணக்கு. ஆட்டோக்காரர் ஒருவர் பெண்டாட்டியோடு வந்தார், குட்டிக்காக வீட்டுத் தரையைச் சொரசொரப்பாக மாற்றிவிட்டதாகச் சொன்னார், ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்தும் குட்டி வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். ஜெயக்கொடிக்கு அவர்களைக் கூப்பிடலாமா என்று வாய்வரை வந்தது. ஆனால் அழுக்கு நெஞ்சுக்காரி ஒருத்தி இன்னொரு அழுக்கு நெஞ்சுக்காரனுக்குச் சிபாரிசு பண்ணுவதா என்று சும்மா இருந்துவிட்டாள். ஒரு குட்டி ஒட்டன்சத்திரத்துத் தோட்டக்காரருக்கு, ஒன்று ஒரு லாட்ஜ் முதலாளிக்கு, ஒன்று கும்பாபிஷேகக்காரருக்கு, ஒன்று கதிரேசனுக்கு என்று நான்கு போயின. எல்லாரும் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு போகாத குறை. ஐந்தாவதாக ஒரு கறுப்புக்குட்டி மிஞ்சியது, பெட்டை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கறுப்புக்குட்டிக்கு அடுத்த தடுப்பூசி போட வந்த டாக்டர் மெஹருன்னிசா, ஊசியை உடைத்துப் போட்டுவிட்டு, "மத்த நாலும் எங்க? ஒண்ணுகூட என்கிட்ட வரலையே," என்றார்.

"வேற டாக்டர்கிட்டப் போட்டிருப்பாங்க டாக்டரம்மா."

"இருக்கலாம். நீ போய்ப் பாத்தியா? எப்பவும் போவியே."

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, முதுகுவலிக்காரி மாதிரியே இல்லை, நேராகத்தான் நடந்து போனார்.

அன்று சாயங்காலமே ஜெயக்கொடி அடுத்த தெருவுக்குக் கிளம்பினாள். பக்கத்தில் இருக்கிறவர் கதிரேசன்தான், அவரிலிருந்து ஆரம்பிக்கலாம். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா ஜெயக்கொடி. நாயா? மாடியில கெடக்கும், போய்ப் பாரு."

மாடியிலா! மூன்று மாதக் குட்டியை, மூட்டு முதிராத குட்டியை, படி ஏற்றவே கூடாது என்று அத்தனை தரம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாளே. வெளிப்பக்கச் சிமென்ட் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் காலில் ஒரு முழக் கயிறு, கயிற்றின் முனையில் குட்டி. பகல் பூராவும் வெயில் காய்ந்த தளம் இன்னும் காலைச் சுட்டது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது, அதில் எப்போதோ தயிர்ச்சோறு ஒட்டிக் காய்ந்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவளைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது, பின்கால் இரண்டும் மடங்கி மறுபடி உட்கார்ந்தது. அடிப்பாவி, என்று அவள் தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள்.

கயிற்றை அவிழ்த்தாள். நடத்திக் கூட்டிப்போக முடியாது, அந்தக் காலோடு படியில் இறங்கினால் இடுப்பு ஒடிந்துவிடும். தூக்கித்தான் ஆகவேண்டும். சுற்றிப் பார்த்தாள், சாயங்கால நேரம், பக்கத்து மாடியில் துணி எடுக்கிறவள், எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை, கீழே தெருவில் பேச்சு நின்றுபோய் நாலு பேர் அண்ணாந்து நின்றார்கள். ஊரைப் பூராவும் சோதித்து அனுப்பியவள் ஊர் பார்க்கத் தூக்கவேண்டும். குனிந்து அடியில் கைகொடுத்தாள். முன்னைவிடக் கனத்தது. பக்கத்தில் மண்டி போட்டு, தோளைக் கொடுத்து, முனகி, அழுது பார்த்தாள், ஒரு விரல்கடை எழும்பவில்லை.

கதிரேசன் பேப்பரை மடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறிவந்தார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார், சிரித்த முகம் மாறவே இல்லை.

"அடேயப்பா! அப்ப ஒனக்கும் வராதா? ஊரையெல்லாம் தூக்கச் சொல்லிட்டு, கடைசியில..."

கீழே யாரோ "ஹோ" என்றார்கள்.

"சார், குட்டிக்குச் சோறு வெச்சீங்களா?" என்றாள் ஜெயக்கொடி.

"வெச்சிருப்பாங்க. யாராவது வெச்சிருப்பாங்க. நாய்தானேம்மா." அவர் பக்கத்தில் வந்து, செருப்புக் காலால் குட்டியை லேசாகத் தள்ளினார், அது காலி கேன் மாதிரி அந்தப்பக்கமாய்ச் சறுக்கிப் போனது. "இதுக்குப்போய் இம்புட்டு ஆர்ப்பாட்டமா? தள்ளு, நான் ஒரு கையில கொண்டாந்து கீழ விட்டுர்றேன்."

ஜெயக்கொடி அந்தக் காலைப் பார்த்தாள். குட்டி சறுக்கிப் போனதைப் பார்த்தாள். பஞ்சு மாதிரி, பூ மாதிரி என்று சொல்லித் தூக்கிப்போன நான்கு பேருடைய முகமும் வரிசையாக வந்தன, தலையைத் தொங்கப்போட்டுப் போன ஆட்டோக்காரரும் பெண்டாட்டியும் வந்தார்கள்.

"நீங்க தொடாதீங்க," என்றாள்.

"என்னது?"

"தொடாதீங்க சார். ஒங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல. தள்ளிப் போங்க." அப்புறம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினாள்: "அவர யாராச்சும் கூப்பிடுங்க! எங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க! என்னால தூக்க முடியல, எனக்கு மொதல்லயிருந்தே முடியல!"

யாரோ போன் போட, தவமணி கேன் வண்டியோடு வந்து சேர்ந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, படி ஏறிவந்து பெண்டாட்டிக்கு எதிரே குத்தவைத்து, குட்டியின் பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தார். அவள் முன்பக்கம் கொடுத்தாள். "ம்," என்றார். குட்டி எழும்பியது. ஒரு சாண், இரண்டு சாண். நிறைந்த நெல்மூட்டைகளை அடுக்கித் தூக்கினதுபோல இரண்டு பேருக்கும் முதுகு வளைந்தது. முதல் படியில் காலை வைத்தபோது தவமணியின் முழங்கால் ஆடியது, இரண்டாவது படியில் ஜெயக்கொடியின் பிடி நழுவியது.

"இருங்க, விட்டுராதீங்க!" கீழேயிருந்து முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தது சூசையம்மாள். வந்து நடுவில் தோளைக் கொடுத்தாள், கொடுத்ததும், "யேசுவே," என்றாள். "எனக்கும் கனந்தான்டி கொடி. அன்னைக்கு நான் தூக்கவே இல்ல, குனிஞ்சு நிமிந்துட்டு வந்துட்டேன்."

"தெரியும்க்கா. பிடிங்க."

சூசையம்மாளைப் பார்த்து மற்றவர்களுக்கும் கால் நகர்ந்தது. ஒவ்வொருவராய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். முதன்முதலில் தண்ணீர் கேனை நிறுத்திய வீட்டுக்காரர் வந்தார், தயிர்க்காரி தயிர்ச்சட்டியைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கை வைத்தவர்களுக்கெல்லாம் கனத்தது. பீரோவை மாடியிலிருந்து இறக்குகிற கூலிக்காரர்கள் மாதிரி, "பாத்து, பாத்து, சுவத்துல இடிக்காம," என்று ஒரு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி, மூன்று மாதக் குட்டி ஒன்றை அத்தனை பேர் சேர்ந்து இறக்கினார்கள். குட்டி எல்லார் கையையும் மாற்றி மாற்றி நக்கிக்கொண்டே வந்தது. கதிரேசன் மேலே நின்று, "கூத்தால்ல இருக்கு," என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைசிவரைக்கும் அதில் என்ன விசேஷம் என்று விளங்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிட்டால் தேவலை. மற்ற மூன்றையும் அந்த வாரத்திலேயே போய் மீட்டுக்கொண்டு வந்தார்கள். தோட்டத்துக் குட்டி கோழிக்கூண்டில் கிடந்தது, லாட்ஜ் குட்டியை யாரோ யாருக்கோ கொடுத்திருந்தார்கள், தேடித்தான் பிடித்தார்கள், கும்பாபிஷேகக்காரர், "ஓ, அதுவா? இருக்குதா இன்னும்?" என்றே கேட்டார். ஜெயக்கொடி பழையபடி கிளம்பி, ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். காலனி மட்டும் திருந்திவிட்டது என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அக்கறை உள்ள கைக்குத்தான் கனக்கும் என்று தெரிந்ததும் எல்லாரும் வந்து குட்டியைத் தொட்டுவிட்டு, "ஐயோ, என்னா கனம், இடுப்பே போச்சு," என்று முனக ஆரம்பித்தார்கள். கதிரேசனே ஒருநாள் வந்து ரொம்ப நேரம் முக்கிக் காட்டினார். எவன் நிஜமாய் முக்குகிறான், எவன் நடிக்கிறான் என்று பார்ப்பதே தெருவுக்குப் புதுச் சந்தேகமாகிவிட்டது. அதனால்தான் அவள் தூக்கச் சொல்வதை அடியோடு விட்டுவிட்டு, வயித்தால போச்சுன்னா யாரு அள்ளுவா என்ற கேள்விக்கே திரும்பிப் போனாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. குட்டியைக் கேன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மகராசியின் பக்கத்தில் இறக்கினார்கள். மகராசி அதை மோந்து, தலையிலிருந்து வால்வரை நக்கி, தன் பெரிய முன்காலை அதன்மேல் போட்டுக்கொண்டு படுத்தது. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நானும் ஒங்ககிட்ட மறைச்சுட்டேன்," என்றாள் ஜெயக்கொடி. "எனக்கும் வராதுன்னு."

"தெரியும்."

"இப்ப மாடியில பாத்தீங்க, அதச் சொல்றீங்க."

"இல்ல. அன்னைக்கே தெரியும். கதிரேசன் வந்து தூக்கினாரே, அன்னைக்கு. வண்டிச் சாவிய மறந்து வெச்சுட்டுத் தெருமுக்குலருந்து திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு, ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். நீ அஞ்சையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு தூக்கிப் பாத்துட்டு, மகராசி மேல சாஞ்சு உக்காந்துட்ட."

"பாத்துட்டு?"

"அப்புறமா எடுத்துக்கலாம்னு போயிட்டேன். வண்டியத் தள்ளிக்கிட்டே போய்த்தான் அன்னைக்குக் கேன் போட்டேன்."

சட்டையை மோந்தது, போனைப் பார்த்தது, மாடிப்படியில் பின்னாலேயே போனது, தட்டு வைக்கும்போதெல்லாம் கேட்டது எல்லாம் அவள் முன்னால் வந்து நின்றன. இந்த மனுஷன் ஒரே ஒரு வார்த்தை, ஒனக்கும்தானேடி வரல என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாய் அன்றைக்கே அடைத்துப் போயிருக்குமே.

"ஏங்க சொல்லல? நான் ஒங்கள என்னென்ன கேட்டேன். தண்ணி வேணாம்னு தெருவே சொல்லுச்சு, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

தவமணி குட்டியின் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சொன்னா ஒன்னையும்ல பேசியிருப்பாங்க. ரெண்டு பேரையும் எதுக்குப் பேசிக்கிட்டு. ஒருத்தன் போதாதா."

"யோவ்," என்றாள் ஜெயக்கொடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை. "யோவ், யோவ்," என்று அழுதுகொண்டே, கேன் தூக்குகிற தோளில் மாறி மாறிக் குத்தினாள். அவர் "ஆ" என்று முகத்தைச் சுளித்தார். சட்டையை விலக்கிப் பார்த்தாள், தோள்பட்டை கன்றிச் சிவந்துபோய்க் கிடந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய், தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துவந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தத் தோளைத் தேய்த்துவிட உட்கார்ந்தாள்.